ஆஸ்பத்திரி மாவு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஆறு வயது ரோஸ்லின் ஓடும்போது தடுக்கி, உடைந்த கண்ணாடிப் பாட்டில்மேல் கையை ஊன்றி விழுந்தாள். வலது உள்ளங்கை ஆழமாக வெட்டுப்பட்டு, மோதிர விரலையும் சுண்டு விரலையும் மடக்கும் நரம்புகள் அறுந்தன.

2. அறுவை சிகிச்சை செய்து நரம்புகளைத் தைத்தார்கள். கட்டைப் பிரித்தபோது அந்த இரண்டு விரல்களும் மடங்கவில்லை.

3. மாவு பிசைந்தால் மடங்கும் என்று நாங்கள் சொன்னோம். வீட்டிலேயே கிண்டிக்கொள்ளும் மாவு. செய்முறை என்னுடையது.

4. மாவு வாரா வாரம் குறைந்தது. விரல் மடங்கவில்லை.

5. பிள்ளை மாவைத் தின்கிறாள் என்று முடிவு செய்து, அதில் வேப்பெண்ணெய் கலந்தேன்.

6. இரண்டு நாள் கழித்து அவளுடைய தாய்மாமா ஆஸ்பத்திரிக்கு வந்து, மாவை மீன் தொட மாட்டேன் என்கிறது என்று புகார் சொன்னார்.

ஆறாவதை ஜெனிபர் நம்பவில்லை. தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த கைப் பயிற்சிப் பிரிவில், என் இடத்தில் இப்போது இருக்கும் பெண் அவள். போன வாரம் போன் செய்தாள்.

“செல்வியக்கா, வெளியூர்லருந்து புது பாக்கெட் மாவு வந்துருக்கு. ஆறு கலரு. ஆனா வார அம்மாமாரு எல்லாம் ‘ஆஸ்பத்திரி மாவு இல்லையா’ன்னு கேக்காவ. அது என்ன மாவுக்கா?”

“பாக்கெட் நல்லாத்தான இருக்கு?”

“நல்லாருக்கு. அத வீட்டுக்குக் குடுத்துவிட முடியாதுல்லா. ராஜம் மேடத்துட்ட கேட்டா, செல்விட்ட எழுதி வாங்கிக்கோன்னுட்டாவ. அதென்னமோ மீனு கதையாமே? நம்பவே முடியலக்கா.”

அதனால் எழுதுகிறேன். எனக்கு நேரம் இருக்கிறது. முப்பத்து நான்கு வயதில் நான் ஓய்வு பெற்றவள். கணவருடைய ஹார்டுவேர் கடை விளாத்திகுளத்தில் இருப்பதால் வேலையை விட்டேன். ராஜினாமா என்றுதான் கடிதத்தில் எழுதினேன். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் ரிட்டயர் ஆகிறவர்களுக்குச் செய்வதுபோலவே சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்து, லட்டும் மிக்சரும் வைத்து அனுப்பினார்கள். அந்தக் கடிகாரம் கடையில் மாட்டியிருக்கிறது. ஆணி வாங்க வருகிறவர்கள் நேரம் பார்த்துவிட்டு, “ரிட்டயர்டு மேடம், வாசர் இருக்கா?” என்கிறார்கள்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சென்னையில் படித்தேன், விரலின் ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை மடங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் பிரிவின் தலைவர் ராஜம் மேடம், “பாகை கெடக்கட்டும். இந்தக் கையால பாவாடை நாடா கட்ட முடியுமா, அதச் சொல்லு” என்றார். படிப்பு அன்றைக்கு முடிந்தது, வேலை தொடங்கியது.

எங்கள் பிரிவு என்பது ஒரு நீளமான அறை, இரண்டு எவர்சில்வர் மேசை, ஒரு அலமாரி. ஊரில் எங்களை ‘எக்சசைஸ் மேடம்’ என்பார்கள். மேடத்துக்குச் சில வழக்கங்கள் உண்டு. வந்த நோயாளியிடம் “பயிற்சி செஞ்சியளா?” என்று அவர் கேட்டதே இல்லை.

“கேட்டா செஞ்சேன்னுதான் சொல்லுவாவ. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன். கையக் கேளு” என்பார்.

கையைக் கேட்பது என்றால், முதலில் கையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொள்வார். பேச்சு வேறெதைப் பற்றியாவது போகும்: மீன் விலை, மருமகள், கரண்டு கட்டு. அவருடைய கட்டை விரல் மட்டும் அந்தக் கையின் மேல் மெதுவாக நடந்துகொண்டிருக்கும். கடைசியில் உள்ளங்கையை முகர்ந்தும் பார்ப்பார். கையை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று வாசனை சொல்லிவிடுமாம். நாங்கள் சொன்னது சரியாக இருந்தால் “ம்” என்பார். தவறாக இருந்தால் “டாக்டரம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்பார். நிஜமாகக் கோபம் வந்தால் மட்டும் “ஏளா.”

விறைத்த விரல்களுக்கு மாவு பிசைவதுபோல நல்ல பயிற்சி இல்லை. ஆனால் எங்களிடம் பயிற்சிக்கென்று வாங்கிய மாவு ஒரே ஒரு டப்பாதான் இருந்தது. அறையை விட்டு வெளியே போகக் கூடாது. வாரத்துக்கு ஒரு முறை வரும் பிள்ளை மற்ற நாட்களில் வீட்டில் என்ன செய்யும்? அதனால்தான் அடுப்படிச் சாமான்களில் செய்யும் மாவைத் தேடிப் போனேன்.

முதல் மாவில் நான் செய்த புத்திசாலித்தனம், நிறத்துக்கு மஞ்சள்தூள் போட்டது. வேம்பாரிலிருந்து வந்த ஒரு தாய்க்கும் மகனுக்கும் அதைக் கொடுத்தனுப்பினேன். பையன் ஆசையாகப் பிசைந்திருக்கிறான். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவியிருக்கிறான். மஞ்சள் சோப்பைக் கண்டால் சிவக்கும். அந்தத் தாய் துண்டால் கையைச் சுற்றிக் கட்டி, அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். துண்டை அவிழ்த்துப் பார்த்த மேடம், என்னிடம் திரும்பி, “சின்னப் பையனுக்கு ஆரத்தி எடுத்து அனுப்பிருக்கியோ டாக்டரம்மா?” என்றார்.

மஞ்சளை நீக்கினேன். அடுத்து உப்பில் தவறு. எங்கள் ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை. ஒரு தாய் உப்பளத்தில் வேலை பார்க்கும் அண்ணனிடம் வாங்கிய கல்லுப்பை அப்படியே போட்டுவிட்டாள். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் இழுக்கும். காலையில் உருட்டி வைத்த மாவு சாயங்காலம் வேர்த்துக் கொட்டியது. பாக்கெட்டில் வரும் பொடியுப்புத்தான் வேண்டும் என்று செய்முறையில் அடிக்கோடு போட்டேன்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்து வந்த செய்முறை இது. ஜெனிபர் இதைப் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டலாம்.

மைதா இரண்டு டம்ளர். பொடியுப்பு ஒரு டம்ளர். தண்ணீர் இரண்டு டம்ளர். எலுமிச்சைச் சாறு நான்கு கரண்டி, விதை இல்லாமல். தேங்காய் எண்ணெய் இரண்டு கரண்டி. இதில் கரண்டி என்பது டீக்கரண்டி. குழம்புக் கரண்டி என்று நினைத்துக்கொண்டவர்களும் உண்டு. எல்லாவற்றையும் அடி கனமான சட்டியில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். தீ சின்னதாக இருக்க வேண்டும். முதலில் கூழ்போல இருக்கும். கெட்டுப்போயிற்று என்று தோன்றும். கெடவில்லை, கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். திடீரென்று ஒரு பக்கம் இறுகும், பிறகு எல்லாம் கரண்டியைச் சுற்றிக்கொண்டு சட்டியை விட்டுக் கழன்று வரும். உடனே இறக்கி, ஈரத் துணியால் மூடி, கை பொறுக்கும் சூட்டில் பெரியவர்கள் ஒரு முறை பிசைய வேண்டும். நிறம் வேண்டுமென்றால் பீட்ரூட் சாறு, கீரைச் சாறு. மூடி போட்ட டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

இதற்கு மேடம் வைத்த பரிசோதனை மூன்று. உருண்டையை மேசைமேல் எறிந்தால் ‘தொப்’ என்று விழ வேண்டும். ‘சொத்’ என்றால் தண்ணீர் அதிகம். கட்டை விரலால் அழுத்தினால் ரேகை தெரிய வேண்டும். அழுத்திய விரலில் மாவு ஒட்டக் கூடாது. புத்தகத்தில் மிருது, நடுத்தரம், கடினம் என்று பயிற்சி மாவுக்கு நிறங்கள் இருந்தன. மேடம் அதை கொழுக்கட்டை மாவு, சப்பாத்தி மாவு, முறுக்கு மாவு என்று மாற்றினார். தாய்மார்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ரோஸ்லின் சப்பாத்தி மாவுக் கட்டத்தில் இருந்தாள்.

அப்பா வெளிநாட்டுக் கப்பலில். அம்மா மெர்சி, நண்டுச் சதை உரிக்கும் கம்பெனியில் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது மெர்சியின் தம்பி சேவியர். துறைமுகத்தில் சரக்குக் கட்டும் வேலை, பெரும்பாலும் காலை ஷிப்ட். மெர்சி ராத்திரிச் சமையலோடு சமையலாக மாவையும் கிண்டி டப்பாவில் வைத்துவிடுவாள். மறுநாள் மத்தியானம் மாமா மேற்பார்வையில் பிள்ளை பிசைய வேண்டும். ஏற்பாடு அதுதான்.

ரோஸ்லினுக்கு முன்பற்கள் இரண்டு இல்லை. பேச்சுக்கு அது தடையாக இருக்கவில்லை. முதல் நாளே என் அளவுகோலைக் காட்டி, “இதால மீன அளக்கலாமா?” என்றாள். விரலைத்தான் அளக்கலாம் என்றேன். “விரலு எப்பவும் அதே நீளந்தான இருக்கும்?” என்றாள்.

அறுவை சிகிச்சை செய்த டாக்டர் நேராகச் சொல்லியிருந்தார்: தைத்த இடத்தில் நரம்பு சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பயிற்சியில் விடுபட்டால் நல்லது. அடுத்த பரிசோதனைக்குள் விரல் மடங்கவில்லை என்றால் கையை மறுபடி திறக்க வேண்டும்.

இதை அவர் மெர்சியிடம்தான் சொன்னார். பிள்ளை ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை நான் அவள் விரலை அளந்துகொண்டிருந்தபோது, தலை நிமிராமலே கேட்டாள்.

“செல்வி மேடம், திரும்பக் கீறுவாவளா?”

“விரலு மடங்கிட்டுன்னா கீற மாட்டாவ.”

“மடங்கலன்னா?”

“மடங்கும். நீ பிசையணும்.”

“பிசைஞ்சுட்டுத்தான இருக்கேன்” என்றாள். அதுவரை அவள் சொன்னதிலேயே வேகம் குறைந்த வாக்கியம் அது.

அளவுகள் எனக்குப் புரியவில்லை. எங்களிடம் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, முழுக் கையால் பிடித்து அமுக்கினால் வலுவை முள்ளால் காட்டும் ரப்பர் பந்து. இன்னொன்று, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துக் கிள்ளும் கேஜ். ரப்பர் பந்தின் முள் வாரா வாரம் நின்ற இடத்திலேயே நின்றது. கிள்ளும் கேஜின் முள்ளோ ஏறிக்கொண்டே போனது. பத்து வயதுப் பிள்ளைகள்கூட அவ்வளவு தூரம் ஏற்றியதில்லை. மாவு பிசையும் கையில் இப்படி நடக்கக் கூடாது. பிசைந்தால் எல்லா விரலும் சேர்ந்துதான் வலுப்பெறும்.

மேடம் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் கேட்டார். பிறகு சொன்னார்:

“கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எங்கயோ வேலைக்குப் போவுது. மத்த ரெண்டும் லீவுல இருக்கு.”

உள்ளங்கையை முகர்ந்து பார்த்து, “மீனு வாசம்” என்றார். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த அறைக்கு வரும் பாதிக் கைகளில் மீன் வாசம்தான்.

பிறகு மாவு. ஒவ்வொரு வாரமும் மிச்ச மாவை டப்பாவோடு கொண்டுவரச் சொல்வது வழக்கம். பிசைந்த மாவு அழுக்காகும், கொஞ்சம் காயும், பாதியாகக் குறையாது. ரோஸ்லினின் டப்பாவில் அடியில் ஒரு நெல்லிக்காய் அளவுதான் இருக்கும்.

“தேஞ்சு போவுது போல மேடம்” என்றாள் மெர்சி.

மாவு என்ன சோப்பா? நான் காரணங்களை வரிசைப்படுத்தினேன். எறும்பு: டப்பாவுக்கு மூடி உண்டு. எலி: டப்பாவில் பல் தடம் இல்லை. நாய்: வீட்டில் நாய் இல்லை. மிச்சமிருந்தது ஒன்றுதான். பிள்ளை கிள்ளிக் கிள்ளித் தின்கிறாள். அப்படியானால் கிள்ளும் விரல்கள் வலுத்ததற்கும் விடை கிடைத்துவிடுகிறது.

இந்த மாவைத் தின்றால் உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் இவ்வளவு உப்பு சின்னப் பிள்ளைக்கு ஆகாது. வெளியூரில் இந்தக் கவலை இல்லை. வாயில் வைத்தால் கரிக்கும், பிள்ளை துப்பிவிடும். எங்கள் ஊரில் கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு விளையாடும் பிள்ளைகளுக்கு அந்த உப்பு ஒரு பொருட்டே இல்லை.

“அடிக்கடி தண்ணி குடிக்காளா?” என்று மெர்சியிடம் கேட்டேன்.

“எந்நேரமும் தாகம் தாகம்ங்கா மேடம். சாயங்காலம் நான் வந்ததும் ஒரு செம்பு காலியாவும்.”

எல்லாம் பொருந்தியது. ரோஸ்லினிடம் கேட்டேன். “நான் திங்கல” என்றாள். “பின்ன மாவு எங்க போச்சு?” என்றேன். “போச்சு” என்றாள். மேடத்தைப் பார்த்தேன். அவர் ‘ம்’ என்றும் சொல்லவில்லை, ‘டாக்டரம்மா’ என்றும் சொல்லவில்லை.

அந்த வாரத்து மாவை ஆஸ்பத்திரி கேன்டீன் அடுப்பில் நானே கிண்டினேன். தேங்காய் எண்ணெய்க்குப் பதில் பாதிக்கு வேப்பெண்ணெய். நுனி நாக்கில் தொட்டுப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு வரை கசந்தது. திருப்தியாக மூடி போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து, கூட்டம் குறைந்த நேரத்தில், நீலச் சட்டை போட்ட ஒருவர் வாசலில் நின்றார். கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் என் மாவு.

“இங்கன மாவு குடுக்க மேடம் யாரு?”

“நான்தான். நீங்க?”

“ரோஸ்லினுக்கு மாமா. சேவியரு. இந்த வாரம் மாவு சரியில்ல மேடம்.”

“சரியில்லன்னா?”

“கசப்பா இருக்கும் போல.”

“நீங்க தின்னு பாத்தியளா?”

“நான் எதுக்குத் திங்கணும்? மீனு திங்க மாட்டேங்குது.”

அறையின் மறுகோடியில் ஒரு பெரியவரின் மணிக்கட்டை அளந்துகொண்டிருந்த மேடம் திரும்பாமலே கேட்டார்: “எந்த மீனு?”

“ஓரா மேடம். அப்பப்ப மடவையும் வரும். போன வாரம் வரைக்கும் வரிசையா ஏறுச்சு. கடை மைதாவ வெறுமன பிசைஞ்சு கொக்கில வச்சா தண்ணில எறங்கதுக்குள்ள கரைஞ்சிரும். இந்த மாவு ரப்பர் கணக்கா நிக்கும். பழைய துறைமுகத்துக் கல்லுல தூண்டி போடுத ஆளு எல்லாம் இப்ப ஆஸ்பத்திரி மாவுதான் கேக்காவ. ரெண்டு நாளா ஒண்ணுகூடத் தொடல. என்னத்தையோ மாத்திட்டிய.”

சொல்லி முடித்த பிறகுதான் அவர் தான் எங்கே நின்று பேசுகிறோம் என்று பார்த்தார். சுவரில் கை எலும்புப் படம். மேசைமேல் ரோஸ்லின் பெயர் எழுதிய அளவுத்தாள். அவருடைய காலுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“ஏளா, இங்க வா” என்றார் மேடம்.

ரோஸ்லின் வந்தாள். “நான்தான் திங்கலன்னு சொன்னேம்லா” என்றாள் என்னைப் பார்த்து.

“ஆமா, மீனுதான் தின்னுருக்கு” என்றார் மேடம். “எப்படி வைப்ப? செஞ்சு காட்டு.”

கொக்கிக்குப் பதில் ஒரு காகித கிளிப்பைக் கொடுத்தேன். மாவிலிருந்து மிளகு அளவு கிள்ளினாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு உருட்டு. கிளிப்பின் முனையில் வைத்து நடுவிரலைத் துணைக்கு அழைத்து ஒரு அழுத்து. அழகான வேலை. மோதிர விரலும் சுண்டு விரலும் கல்யாண வீட்டில் புது மோதிரம் காட்டுகிறவர்களுடையதைப்போல விறைப்பாகத் தள்ளி நின்றன. எங்கள் கேஜில் ஏறிய முள்ளுக்கும், வெயிலில் கல்மேல் உட்கார்ந்து வந்த தாகத்துக்கும், உள்ளங்கையின் வாசத்துக்கும் ஒரே நேரத்தில் விளக்கம் கிடைத்தது.

விஷயம் மெர்சிக்குப் போனது. மறுநாள் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

“ஏலே, புள்ளைக்குக் கை வெளங்கட்டும்னு நான் ராத்திரி அடுப்புல நின்னு கிண்டுனா, நீ அத மீனுக்குப் போடுதியோ?”

“அவதான்க்கா கொக்கில வைக்கணும்னு அடம் புடிச்சா. வெரலுக்கு வேலதானன்னு நெனச்சேன்.”

“நெனப்ப. நல்லா நெனப்ப. நாளைக்கு மறுபடி கையக் கீறுனா அந்த மீனா வந்து பாக்கும்?”

சேவியர் மெதுவாக, “நீயும் அந்த ஓராவத் தின்னல்லா. கொழம்பு நல்லாருக்குன்னு ரெண்டாந்தரம் ஊத்துனியே” என்றார்.

மெர்சி சிரிக்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பக்கம் மேடம் இருந்தார். மேடத்தின் முகமும் சரியில்லை.

தூண்டில் பக்கமே போகக் கூடாது என்று நான் எழுதத் தொடங்கியிருந்தேன். மேடம் என் பேனாவைப் பிடித்து நிறுத்தினார்.

“அங்கன எத்தன பேரு தூண்டி போடுதிய?”

“ஏழெட்டுப் பேரு வருவோம் மேடம்.”

“எல்லாத்துக்கும் எரை யாரு பிசையுதா?”

“அவனவனுக்கு அவனவன்தான்.”

“இனிமே எல்லாத்துக்கும் இவதான். கொக்கி இவ கையில படக் கூடாது. அது ஒங்க வேலை. பிசையுதது மட்டும் இவ வேலை. செல்வி, எப்படின்னு சொல்லிக் குடு.”

இங்கேதான் என் படிப்பு உதவியது என்று சொல்லிக்கொள்ளலாம். எலுமிச்சம்பழ அளவு மாவை உள்ளங்கையில் வைத்து, முழுக் கையால் இறுக்க வேண்டும். பிறகு விரித்துப் பார்க்க வேண்டும். மாவில் விரல் பதிந்த பள்ளங்கள் இருக்கும். நல்ல கை அமுக்கினால் நான்கு பள்ளம். ரோஸ்லினின் மாவில் இரண்டு ஆழமான பள்ளம் இருந்தது. மூன்றாவது இருக்குமிடத்தில் ஒரு நிழல். நான்காவது இடம் வழவழவென்று இருந்தது. அந்த உருண்டையை எல்லோரும் பார்க்கும்படி மேசையின் நடுவில் வைத்தேன்.

“நாலு பள்ளம் இருந்தாத்தான் மாவு. இல்லன்னா திருப்பிக் குடுத்துருங்க” என்றேன் சேவியரிடம்.

“அப்ப எனக்கு என்ன தருவிய?” என்றாள் ரோஸ்லின்.

பேரம் அங்கேயே நடந்தது. அவள் கேட்டது, தினம் ஒரு முறை தூண்டிலைப் பிடித்து மீனை இழுப்பது. நரம்பு விரலில் சுற்றக் கூடாது, நரம்பு சுற்றிய பிளாஸ்டிக் பாட்டிலை முழுக் கையால் பிடித்துத்தான் இழுக்க வேண்டும் என்று மேடம் திருத்தினார். தூண்டில் நரம்பைச் சொல்கிறேன்; கை நரம்பை அல்ல. வேப்பெண்ணெய் இல்லாத மாவு என்பது சேவியரின் நிபந்தனை. ஏற்றுக்கொண்டேன்.

சிகிச்சைக்காரர்கள் கெஞ்சிக் கேட்டும் நடக்காததை அந்தக் கல்மேல் உட்கார்ந்தவர்கள் செய்து காட்டினார்கள். ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்தேன். வரிசையாக ஏழு பேர். நடுவில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு ரோஸ்லின், மடியில் டப்பா. ஒரு பெரியவர் உருண்டையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“ஏளா ரோஸ்லினு, இதுல மூணுதான் இருக்கு. சுண்டு வெரல் எங்க?”

“அது லேசா இருக்கு தாத்தா. நல்லாப் பாரும்.”

“லேசா இருந்தா மீனும் லேசாத்தான் கடிக்கும். மாத்திக் குடு.”

“ஒமக்குக் கண்ணு தெரியல.”

“கண்ணு தெரியாமயா ஒன் மாமன் புடிச்ச மீன விட பெருசா புடிக்கேன்? மாத்திக் குடு.”

அவள் உருண்டையைப் பிடுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அமுக்கினாள். கையிலிருந்த வலி முகத்தில் தெரிந்தது. எங்கள் அறையில் அந்த இடம் வந்தால் நிறுத்திவிடுவாள். இங்கே நிறுத்தவில்லை, ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வலி அளவுக்கு மீறுகிறதா என்று மட்டும் பார்த்தேன். மீறவில்லை.

ஒவ்வொரு வாரமும் சேவியர் ஒரு உருண்டையைக் காய வைத்துக் கொண்டுவந்தார். அலமாரியில் வரிசையாக வைத்தேன். மூன்றாவது பள்ளம் முதலில் நிழலாக இருந்து, பிறகு கீறலாகி, பிறகு பள்ளமானது. நான்காவது நெடுநாள் ஒன்றுமில்லாமல் இருந்து, ஒரு வாரம் நகத்தின் தடம் மட்டும் விழுந்தது. அன்று மேடம் “ம்” என்றார். ரப்பர் பந்தின் முள்ளும் நகர்ந்தது.

டாக்டரின் பரிசோதனை நாளில் நானும் உள்ளே போனேன். மெர்சி சுவரோரமாக நின்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் அதிகம் பேசாதவர்.

“கைய மடக்கும்மா.”

மடக்கினாள். மோதிர விரல் உள்ளங்கையைத் தொட்டது. சுண்டு விரல் வந்தது, வந்தது, கொஞ்சம் முன்னாலேயே நின்றது. ஒரு கடலைப் பருப்பு நுழையும் இடைவெளி. டாக்டர் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். மெர்சியின் விரல்கள் மணியில் நின்றுவிட்டன.

ரோஸ்லின் இடது கையைக் கவுன் பைக்குள் விட்டு, மாவு உருண்டையை எடுத்து அவருடைய மேசைமேல் வைத்தாள். அன்று காலையில் பிசைந்தது.

“எண்ணிப் பாத்துக்கோங்க” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பேனா முனையால் ஒவ்வொரு பள்ளமாகத் தொட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் பேனா முனை கொஞ்சம் இறங்கியது.

“நாலு” என்றார். “இப்ப கீற வேண்டாம். இதையே செய்யட்டும். ஆமா, எந்த எக்சசைஸ் இது?”

“தூண்டில்” என்றார் மேடம்.

வெளியே சேவியர் பையோடு நின்றார். பைக்குள் இரண்டு ஓரா. நோயாளிகளிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது மேடத்தின் சட்டம். தீபாவளிப் பலகாரத்தைக்கூடத் திருப்பி அனுப்பியவர்.

“நாங்க ஒண்ணும் வாங்குறதில்ல.”

“அன்பளிப்பு இல்ல மேடம், பங்கு. வள்ளத்துக்காரனுக்குப் பங்கு, வலைக்காரனுக்குப் பங்கு. மாவுக்காரருக்குக் குடுக்கலன்னா நாளைக்கு எனக்கு மீனு ஏறாது.”

மேடம் யோசித்தார். கடற்கரையில் பங்கை மறுப்பது மரியாதை இல்லை என்பது அவருக்கும் தெரியும். “பங்குன்னாச் சரி” என்று ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். ஓராவின் முள் குத்தினால் கடுக்கும். கவனமாகப் பிடிக்கும்படி என்னை எச்சரித்தது ரோஸ்லின்.

இப்போதைய நிலை இது. பாக்கெட் மாவு அறைக்குள் பயன்படுத்த நல்லது. ஜெனிபர் அதைப் பயன்படுத்தட்டும். வீட்டுக்கு ஆஸ்பத்திரி மாவையே கொடுக்கலாம், வேப்பெண்ணெய் இல்லாமல், நான்கு பள்ளம் எண்ணி. காய்ந்த உருண்டைகள் அலமாரியின் மேல் தட்டில் இருக்கின்றன; தூக்கிப் போட வேண்டாம். ராஜம் மேடம் இன்னும் கையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரோஸ்லினுக்குப் பன்னிரண்டு வயது. வலது கையால் எழுதுகிறாள். கையை மடக்கினால் சுண்டு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே அந்தக் கடலைப் பருப்பு இடைவெளி இன்னும் இருக்கிறது. இரண்டாவது ஆபரேஷன் நடக்கவில்லை.